கேட் மூடியிருக்கும்போது தட்டாதே

எங்கள் பேக்கிங் லைனில் ஒரு ஹாப்பர் இருக்கிறது, தூளைக் கொட்டிவைத்துக் கீழே பாக்கெட்டுக்கு விடும் தொட்டி. அதன் கூம்புப் பகுதி முழுக்கக் குழி குழியாக இருக்கும். எல்லாம் ரப்பர் சுத்தியலால் வாங்கிய அடி. உள்ளே சலவைத்தூள் வளைவாகப் பாலம் கட்டி நின்றுவிடும். கீழே கேட் திறந்தாலும் ஒன்றும் விழாது. ஆபரேட்டர் இரண்டு தட்டு தட்டுவார், மொத்தமாகச் சரிந்து விழும், அந்தப் பாக்கெட்டின் எடை எகிறிவிடும். குழி விழ விழ, தூள் தங்குவதற்கு இன்னும் இடம். ஆக, தட்டத் தட்ட, தட்ட வேண்டிய தேவையும் கூடிக்கொண்டே போனது.

பராமரிப்புப் பிரிவில் இருக்கிற நான் ஒரு வைப்ரேட்டரை, அதாவது ஹாப்பரை அதிர வைக்கும் கருவியைக் கொண்டுபோய் மாட்டினேன். இரண்டு நாள் பிரமாதம். மூன்றாம் நாள் தூள் கல்லாக இறுகிவிட்டது. அதிர்வைக் கூட்டினால் இன்னும் இறுகியது, குறைத்தால் பழையபடி பாலம். கூட்டம் போட்டோம். தோன்றியதை எல்லாம் சொல்லலாம், யாரும் மறுத்துப் பேசக் கூடாது என்ற வகைக் கூட்டம். பலகையில் 23 யோசனைகள் சேர்ந்தன. அதில் பாதி, 'வேறு ஹாப்பர் வாங்கலாம்' என்பதையே வேறு வேறு மாதிரி சொன்னவை. இந்தக் கூட்டங்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. யாருக்குத் தொண்டை பெரிதோ அவர் யோசனைதான் கடைசியில் ஜெயிக்கும்.

அப்போது தொழில்நுட்பச் சிக்கல்களுக்குத் தீர்வு தேடும் டிரிஸ் (TRIZ) என்ற முறையைப் பற்றி அரைகுறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். கென்ரிக் ஆல்ட்ஷுல்லர் என்ற சோவியத் பொறியாளர் உருவாக்கியது. 1946 வாக்கில் கடற்படையில் கண்டுபிடிப்பாளர்களின் விண்ணப்பங்களைப் பார்க்கிற வேலையில் இருந்தவர். நாட்டில் கண்டுபிடிப்புப் பணி நடக்கிற லட்சணத்தைக் குறைகூறி ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். 1950ல் கைது, வொர்குடா கட்டாய உழைப்பு முகாம், 1954ல் விடுதலை. 1956ல் நண்பர் ஷபிரோவுடன் சேர்ந்து இந்த முறை பற்றிய முதல் கட்டுரையை வெளியிட்டார். பிடிவாதக்காரர்தான். காப்புரிமைகளைக் குவித்துவைத்துப் படித்ததில் அவர் கண்டது: நல்ல தீர்வுகள் 'இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம்' என்று சமரசம் பண்ணுவதில்லை. முரண்பாட்டையே உடைக்கின்றன. அதற்கு முதலில் முரண்பாட்டை எழுத வேண்டும்.

எழுத உட்கார்ந்தபோதுதான் அதன் கஷ்டம் தெரிந்தது. முதலில் எழுதியது: 'அதிர்வு போதவில்லை.' இது வெறும் புகார். அடித்துவிட்டு எழுதினேன்: 'அதிர்வைக் கூட்டினால் பாலம் உடைகிறது, ஆனால் தூள் இறுகுகிறது.' இதை வைத்துக்கொண்டுதான் நாங்கள் ஒரு வாரமாக வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தோம். மூன்றாவதாக: 'அதிர்வு இருக்கவும் வேண்டும், இருக்கவும் கூடாது.' பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது. ஆனால் இப்படி எழுதினால் அடுத்த கேள்வி தானாக வந்துவிடுகிறது. எப்போது இருக்க வேண்டும்? எப்போது கூடாது?

கேட் மூடியிருக்கும்போது தூளுக்குப் போக வழியில்லை. அப்போது குலுக்கினால் அமுங்கத்தான் செய்யும். நாங்களோ நாள் முழுக்கக் குலுக்கிக்கொண்டிருந்தோம். பாக்கெட் ரோல் மாற்ற லைன் நிற்கும் நேரத்தில்கூட வைப்ரேட்டர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

கீழே போய் ஆபரேட்டரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"மூடியிருக்கும்போது தட்டினா கெட்டியாயிடும் சார். கேட் திறக்குற சத்தம் கேட்டாத்தான் நான் தட்டுவேன்."

"அண்ணே, இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க வைப்ரேட்டரப் பத்தித்தானே கேட்டீங்க. சுத்தியலப் பத்திக் கேக்கலையே."

இதற்கு என்ன பதில் சொல்வது?

அப்புறம் வேலை சுலபம். கேட் திறந்ததைச் சொல்லும் லிமிட் ஸ்விட்ச் ஏற்கெனவே இருந்தது. அதன் சிக்னல் லைனைக் கட்டுப்படுத்தும் கணினியான பி.எல்.சி.க்கும் போய்க்கொண்டிருந்தது. வைப்ரேட்டரை அதோடு இணைத்தோம், கேட் திறந்திருக்கும்போது மட்டும் விட்டு விட்டு அதிரும்படி. வெளியிலிருந்து புதிதாக எதையும் வாங்கவில்லை. கையில் கிடப்பதை முதலில் பார் என்று டிரிஸ் திரும்பத் திரும்பச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

இந்த முறையில் 40 உத்திகள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு, 39 பண்புகளை ஒன்றோடொன்று மோதவிட்டு எந்த உத்தி பொருந்தும் என்று காட்டும் பெரிய அட்டவணையும் உண்டு. நாங்கள் செய்தது 19ஆம் உத்தி, 'தொடர்ந்து செய்யாமல் விட்டு விட்டுச் செய்' என்பது. வேலை முடிந்த பிறகு புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அட்டவணை எனக்கு இதுவரை பெரிதாக உதவியதில்லை. பயிற்சி வகுப்புகளில் அதற்குத்தான் நிறைய நேரம் போகிறது, முரண்பாட்டைச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தை எழுத வைப்பதற்கு அல்ல.

ரப்பர் சுத்தியல் இன்னும் அதே கொக்கியில் தொங்குகிறது. காற்றில் ஈரம் கூடும் நாட்களில் தூள் மறுபடி பாலம் கட்டுகிறது, ஆபரேட்டரும் மறுபடி சுத்தியலைக் கையில் எடுக்கிறார். அதற்கு ஒரு தாளை எடுத்துவைத்து மூன்று வாரம் ஆகிறது. 'ஈரம் அதிகம்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.