சரியான விடைக்குச் சிவப்புக் குறி: ஆன்லைன் தமிழ்ப் பயிற்சி தயாரித்தபோது பட்ட பாடு

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்காக 'கோடிட்ட இடத்தை நிரப்புக' வகையில் 40 பயிற்சிகள் செய்தேன். பயிற்சி தயாரிக்கும் கருவியைப் பழகியது, கேள்வி எழுதியது, ஒலி சேர்த்தது எல்லாம் நான்கு மாலையில் முடிந்துவிட்டது. பிரச்சினை அப்புறம்தான்.

வெளியிட்ட மறுநாளே ஒரு மாணவி ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். அவர் எழுதியிருந்தது 'கொடுத்தேன்'. பக்கத்தில் சிவப்புக் குறி. கீழே, 'சரியான விடை: கொடுத்தேன்'. மூன்று தடவை எழுதிப் பார்த்தாராம்; தன்னுடைய தவறு என்னவென்று கேட்டிருந்தார். படித்ததும் மனசு கேட்கவில்லை. புதிதாக மொழி கற்பவர் கணினியைச் சந்தேகப்படுவதில்லை, தன்னைத்தான் சந்தேகப்படுகிறார்.

கருவியின் உதவிக் குழுவிடம் கேட்டேன். எழுத்துருவை மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை முழுக்க அதில் போனது. எழுத்துருவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! கடைசியில் விடையைக் குறி குறியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்றில் ஒகரக் குறி முழுசாக ஒரே குறி. இன்னொன்றில் கொம்பு தனி, கால் தனி. கண்ணுக்கு ஒரே எழுத்து. நேரடியாக ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு. நான் விடைகளை ஒட்டியதோ, பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பிலிருந்து. அதில் எல்லாமே கொம்பும் காலும்.

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ஒப்பிடும் முன் மாணவரின் விடை, சரியான விடை இரண்டையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவத்துக்கு, கொண்டுவந்துவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் இதற்கு 'நார்மலைஸ்' என்ற கட்டளை இருக்கிறது. மற்றவர்கள் விடையை ஒட்டாமல் தட்டச்சு செய்யுங்கள். ஔகாரம் இதற்கும் அடங்காது: 'மௌனம்' என்பதைச் சிலர் 'மெ' போட்டு 'ள' தட்டி எழுதுகிறார்கள். அதை மாற்று விடையாக ஏற்று, சரியான விசை எது என்று குறிப்பும் வைத்தேன்.

எழுத்தை இழுத்து அடுக்கும் பயிற்சியில் 'பூனை' நான்கு துண்டாக உடைந்து, குறிகள் புள்ளி வட்டத்தோடு தனியே நின்றன. எழுத்துகளை நானே பிரித்துக் கொடுத்ததும் சரியானது.

மாற்று விடைகளை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். 'வீட்டுக்கு', 'வீட்டிற்கு' இரண்டும் சரிதானே? இணையப் பயிற்சிகள் செய்யும் இன்னொரு கருவியான எச்5பி-யில் நடுவே சாய்கோடு போட்டால் இரண்டையும் ஏற்கும். என் கருவியில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

வெறும் 'தவறு' என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். இப்போது 'வீடுக்கு' என்று எழுதினால், 'உருபு சேரும்போது இங்கே ட் இரட்டிக்கும்: வீட்டு + க்கு' என்று வரும். அதே மாணவி அந்தக் கேள்வியில் தடுமாறி, குறிப்பைப் படித்துத் திருத்தியிருந்தார். அடுத்த கேள்வி 'நாடு'. முதல் தடவையிலேயே 'நாட்டுக்கு' என்று எழுதியிருந்தார்.