ஷரோலாவின் பதினாறு பக்கமும் ஒருவழியாகச் சேர்ந்தது

அட்டையில் நான் கட்டிவரும் ஷரோலா என்ற கோயிலின் கடைசிச் சுவர் முதல் சுவரோடு போய் ஒட்டிய இடத்தில் ஒரு தாள்கூட நுழையாது. கூரை இன்னும் ஏறவில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போர்ச்சுகலின் தோமார் நகரில், நபாவ் ஆற்றை ஒட்டிய குன்றின் மேல் இருக்கும் கோட்டையையும் கிறிஸ்து மடத்தையும் அட்டையில் கட்டிக்கொண்டிருக்கிறேன். 1160-இல், சிலுவைப்போர் காலத்துத் துறவி வீரர்களான டெம்ப்ளர்களின் தலைவர் குவால்டிம் பைஸ் தொடங்கிய கோட்டை அது. மதிலின் அடிப்பகுதி நேராக நிற்காமல் சரிவாக அகன்று இறங்கும். ஏணி சாத்த வருபவனுக்கும் அடியில் தோண்ட வருபவனுக்கும் அது பெரிய தொல்லை. 1190-இல் வட ஆப்பிரிக்காவை ஆண்ட அல்மொஹாத் முஸ்லிம் அரசின் படை வந்து முற்றுகையிட்டும் கோட்டை விழவில்லை. மதில் வேலை சுலபமாகவே முடிந்தது, அதை விடுங்கள்.

ஷரோலாதான் ஆளைக் கொன்றது. டெம்ப்ளர்கள் எருசலேமை மனத்தில் வைத்துக் கட்டிய வட்டக் கோயில் அது. வெளியே பதினாறு பக்கம், உள்ளே நடுவில் எண்கோணம். வீரர்கள் குதிரையில் இருந்தபடியே உள்ளே சுற்றிவந்து பூசை கண்டார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. நம்புவது அவரவர் விருப்பம்.

பதினாறு பக்கம் என்றால் ஒவ்வொரு மடிப்பும் வெறும் 22.5 டிகிரிதான். சிக்கலே அங்கேதான். 45 டிகிரி மடிப்பு சொன்னபடி கேட்கும். 22.5 டிகிரியோ கையை எடுத்ததும் மெல்ல நிமிர்ந்து, மூலை மழுங்கி, கோயில் பிஸ்கட் டப்பாவாகிவிடும். போதாக்குறைக்கு, ஒரு பக்கத்துக்கு அரை மி.மீ. பிசகினால் சுற்றி வரும்போது 8 மி.மீ. வாய் பிளந்து நிற்கும். நான் எடுத்தது பக்கத்துக்கு 20 மி.மீ.; எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 100.5 மி.மீ. வர வேண்டும்.

வழிக்குக் கொண்டுவந்தது அட்டையின் நார் ஓட்டம், அதாவது அட்டைக்குள் இழைகள் படுத்திருக்கும் திசை. நார் சுவரின் உயரத்தோடு, அதாவது மடிப்புக்கு இணையாக ஓட வேண்டும். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் போதும், எந்த அச்சில் சுருள்கிறதோ அதுதான் நார் போகும் திசை. இணையக் கடை ஒன்று நார் திசையைத் தலைகீழாக அச்சிட்டு அனுப்பிய கட்டு அப்படியே பரணில் கிடக்கிறது; திருப்பியும் எடுத்துக்கொள்ளவில்லை. சென்னை பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்கு நேரில் போய் வளைத்துப் பார்த்து வாங்குவதுதான் உத்தமம்.

அப்புறம், வெளிப்பக்கம் கீறி, மடித்த பிறகு உள்பக்கத்து மடிப்பில் ஊசி முனையால் ஃபெவிகால் இழுத்துவிட்டேன். மேலும் கீழும் 2 மி.மீ. அட்டையில் பதினாறு பக்கத் தட்டுகள். அவற்றை எண்கோணத் தூண்களில் கோத்தபோது, வெளி மூலைகளில் ஒன்றுவிட்டு ஒன்று உள்மூலையோடு நேர்கோட்டில் வந்து நின்றது. அதற்குப் பிறகு சுவர் நகரவே இல்லை. மூலைகளில் சுவரைத் தாங்கும் ஒட்டுச்சுவர்கள் வருவதால் கீறல் கோடும் மறைந்துவிடும். கட்டியவர்கள் எனக்காகவே யோசித்தது போலிருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு மூடிய சுவரின் மேற்குப் பக்கத்தை இப்போது வெட்ட வேண்டும்! டெம்ப்ளர்கள் கலைக்கப்பட்ட பின், 1319-இல் தினிஸ் மன்னர் காலத்தில் அவர்கள் சொத்து கிறிஸ்து சபைக்குப் போனது. அந்தச் சபையின் சிலுவைதான் வாஸ்கோ ட காமாவின் பாய்களில் இருந்தது. மானுவெல் மன்னர் காலத்தில், 1510 வாக்கில், கட்டடக் கலைஞர் தியோகு டி அர்ருடா மேற்கே ஒரு நீள மண்டபம் சேர்க்க, வட்டக் கோயிலின் சுவரைத் திறந்து பெரிய வளைவு வைத்தார்கள்.

அந்த மண்டபத்தின் மேற்கு முகப்பில்தான் புகழ்பெற்ற சன்னல். கல்லிலேயே கயிறு, முடிச்சு, பவளம், தக்கை மிதவை, மேலே சிலுவை, இரு பக்கமும் வளையக் கோளம் (வளையங்களால் ஆன வானக் கோளக் கருவி). ஒரு பக்கத் தூணைச் சங்கிலி சுற்றியிருக்கும், மறுபக்கத் தூணை பக்கிள் வைத்த வார். கயிறுக்குத் தையல் நூலை மூன்று புரியாக முறுக்கி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து உலர்த்திப் பார்த்தேன், அருமையாக வருகிறது. நூலின் பிசிறை மட்டும் மெழுகு தேய்த்து அடக்க வேண்டும். பக்கிளுக்குப் பழைய கைக்கடிகார வாரைப் பிரித்து வைத்திருக்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஷரோலா பக்கம் போக வேண்டாம். கீழே ஊருக்குள் 15-ஆம் நூற்றாண்டு யூதர் தொழுகைக்கூடம் இருக்கிறது, சதுரமான ஒரே கூடம், நான்கு தூண். எதிரொலிக்காகச் சுவர் மூலைகளில் மண்சாடிகள் பதித்திருக்கிறார்கள். 1496-இல் யூதர்களை வெளியேற்ற ஆணை வந்த பிறகு அந்தக் கட்டடம் வேறு வேலைகளுக்குப் போய்விட்டது.

எனக்கு இப்போதே கண் பெகோயிஸ் நீர்க்கால்வாய் மேல். மடத்துக்குத் தண்ணீர் கொண்டுவர 1593-இல் பிலிப்போ தெர்சி தொடங்கியது. சுமார் 6 கி.மீ., 180 வளைவுகள், பள்ளத்தாக்கில் இரண்டு அடுக்கு. இத்தனையையும் கட்டர் பிடித்து வெட்ட விரல் தாங்காது. லேசர் வெட்டுக் கடைக்காரர் நிமிடக் கணக்கில் காசு கேட்கிறார், அதுவும் ஓரம் கருகித்தான் வருகிறது. கருகாமல் 1 மி.மீ. அட்டை வெட்டித் தரும் இடம் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.