வராத பிள்ளையின் பெயரும் மனுவில் இருக்க வேண்டும்

என் கணவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். 2021-ல் மதுரையில் திருமணம். எங்கள் இருவருக்குமே இது இரண்டாவது. எனக்கு முதல் திருமணத்தில் ஒரு மகன், ஒரு மகள். உறவினரை அமெரிக்காவில் குடியேற வரவழைக்கப் போடும் ஐ-130 மனுவை எனக்காக அவர் நிரப்பத் தொடங்கியதும் எழுந்த முதல் கேள்வியே பிள்ளைகள் பற்றியதுதான்: யார் பெயரை எழுதுவது, யாரை விடுவது? இதே குழப்பத்தில் இருப்பவர்கள் நிறைய பேரைப் பார்க்கிறேன். எங்களுக்கு எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

மனுவின் நான்காம் பகுதியில் பயனாளியின், அதாவது யாருக்காக மனுவோ அவருடைய, குடும்பத்தினரை எழுதச் சொல்லி வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். பெயர், உறவு, பிறந்த தேதி, பிறந்த நாடு. மகளைப் பற்றிச் சந்தேகமே இல்லை, அவள் என்னோடு வருகிறாள். மகன் அப்போதுதான் கோவையில் கல்லூரியில் சேர்ந்திருந்தான். "நான்தான் வரலையேம்மா, எம்பேரு எதுக்கு?" என்றான். உறவுக்காரர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "வயசுக்கு வந்த பையன் இருக்கான்னு தெரிஞ்சா ஆயிரம் கேள்வி வரும், பேசாம விட்டுடு" என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் கேட்டிருந்தால் பெரிய வம்பாகியிருக்கும்.

அந்தக் கட்டம் "யாரெல்லாம் வருகிறார்கள்" என்று கேட்கவில்லை. "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்" என்றுதான் கேட்கிறது. வருகிறவர், வராதவர், வயது வந்தவர், கல்யாணமானவர், அப்பாவோடு வளர்கிறவர் எல்லாரும் அதில் வர வேண்டும். பின்னால் தூதரக விசாவுக்கு நிரப்பும் டிஎஸ்-260 படிவத்தில், ஒவ்வொரு பிள்ளைக்கும் நேராக "இவர் உங்களுடன் குடியேறுகிறாரா" என்று தனியாகவே ஒரு கேள்வி உண்டு. அங்கே "இல்லை" என்று சொல்லிக்கொள்ளலாம். பெயரை எழுதியதாலேயே யாருக்கும் விசா கிடைத்துவிடாது. எழுதாமல் விட்டால், நாளைக்கு அந்தப் பிள்ளைக்காக மனுப் போடும்போது, "அன்றைக்கு ஏன் இவன் உங்கள் மகனாக இல்லை?" என்று கேட்பார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவத்துக்கு எதிராக என்ன பதில் சொல்வது? மரபணுப் பரிசோதனை வரை போக நேரலாம். தகவலை மறைத்ததாக எடுத்துக்கொண்டால் தாயின் கிரீன் கார்டுக்கே ஆபத்து.

அடுத்தது, பலரும் சறுக்கும் இடம். என் மனுவில் மகள் பெயர் இருக்கிறது, அதனால் என்னோடு அவளுக்கும் விசா வந்துவிடும் என்றுதான் நாங்கள் இருவருமே நினைத்திருந்தோம். நியூ ஜெர்சியில் அவர் பார்த்த வக்கீல்தான் விளக்கினார். மனுப் போடுகிறவர் அமெரிக்கக் குடிமகன் என்றால் மனைவி 'உடனடி உறவு' என்ற வகையில் வருவார். வரிசை கிடையாது, ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் கிடையாது. ஆனால் அவருடைய விசாவில் தொற்றிக்கொண்டு பிள்ளைகள் வர முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஐ-130, தனிக் கட்டணம். அப்போது ஒன்றுக்கு 535 டாலர். 2024 ஏப்ரலில் இருந்து காகிதத்தில் அனுப்பினால் 675, இணையத்தில் போட்டால் 625. பின்னால் வரும் ஐ-864 பொருளாதார உறுதிப் பத்திரமும் ஆளுக்கு ஒன்று.

மனுப் போடுகிறவர் கிரீன் கார்டுக்காரர் என்றால் கதை தலைகீழ். மனைவி 'எஃப்2ஏ' வரிசையில் நிற்பார். கல்யாணமாகாத, 21 வயதுக்குக் கீழான பிள்ளைகள் அதே மனுவில் அவரோடு சேர்ந்து வரலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. என் தோழி ஒருத்தியின் கணவர் மனு நிலுவையில் இருக்கும்போதே குடியுரிமை வாங்கிவிட்டார். மனைவிக்கு வரிசை மிச்சம் என்று வீட்டில் இனிப்பெல்லாம் கொடுத்தார்கள். பிள்ளைகள் இருவரும் அந்த மனுவிலிருந்து கழன்றுவிட்டது பிறகுதான் தெரிந்தது. அவர்களுக்குத் தனித்தனியாகப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று.

சரி, மகளுக்குத் தனி மனு போட்டாயிற்று. அதில் உறவைக் குறிக்கும் இடத்தில், மனுதாரரின் மனைவியின் முந்தைய திருமணத்துப் பிள்ளை என்பதற்கான கட்டத்தில் டிக். தத்து எடுக்கத் தேவையில்லை. பிள்ளைக்கு 18 வயது முடியும் முன் திருமணம் நடந்திருந்தால் போதும்.

அந்த 18-தான் மகன் விஷயத்தில் எங்களைத் தடுத்தது. அவனுடைய பதினெட்டாவது பிறந்தநாளுக்கும் எங்கள் திருமணத்துக்கும் சில மாதங்கள்தான் இடைவெளி. கொரோனாவுக்காக ஒரு தடவை தள்ளிப்போட்ட திருமணம் அது. தள்ளாமல் இருந்திருந்தால் அவனும் மகளைப் போலவே வந்திருப்பான். இப்போது சட்டத்தின் கண்ணில் என் கணவருக்கும் அவனுக்கும் உறவே இல்லை. நான் கிரீன் கார்டு வாங்கிய பிறகு, பெற்ற தாயாக நான்தான் அவனுக்கு மனுப் போட முடியும். இது புரிந்ததும், என் மனுவில் அவன் பெயரை எழுதுவதா வேண்டாமா என்ற பேச்சே வீட்டில் நின்றுபோனது.

ஆவணங்களில் எங்களை அதிகம் அலைய வைத்தது பிறப்புச் சான்றிதழ். மகளுடையதில் பெயருக்கான இடம் காலி. பிறந்ததுமே பதிவு செய்துவிட்டு, பெயரைப் பிறகு சேர்க்காமல் விட்டவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! மாநகராட்சி சுகாதாரப் பிரிவில் விண்ணப்பித்துப் பெயரைச் சேர்த்து வாங்கினோம். அடுத்து குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் எனக்கு என் அப்பா பெயர், மகளுக்கு அவள் அப்பா பெயர், கணவருக்கு அவர் அப்பா பெயர். ஒரே குடும்பத்தில் மூன்று குடும்பப் பெயர். வக்கீல் கொஞ்சம் திகைத்துவிட்டு, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதச் சொன்னார். மாற்றப் போகாதீர்கள், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் போதும். எங்கள் இருவரின் விவாகரத்துத் தீர்ப்புகளையும் சேர்த்தோம். மகள் என் பொறுப்பில் என்று தீர்ப்பிலேயே இருந்தது. இருந்தாலும் அவள் அப்பாவிடம் நோட்டரி வைத்து ஒரு சம்மதக் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் யோசித்துத்தான் கையெழுத்துப் போட்டார். போட்டாரே, அது போதும்.

பிறகு நீண்ட காத்திருப்பு. அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் ஒப்புதல், பிறகு ஆவணங்களைச் சரிபார்க்கும் தேசிய விசா மையம், தலைக்கு 325 டாலர் விசாக் கட்டணம். ஒரே வீட்டு மனுக்கள்தானே என்று இரண்டும் சேர்ந்தே நகரும் என எதிர்பார்க்க வேண்டாம். எங்களுக்கு மகளுடையது பின்தங்கியது. இரண்டு வழக்கு எண்களையும் குறிப்பிட்டு, நேர்காணலைச் சேர்த்து வைக்கும்படி விசா மையத்துக்கு எழுதிக் கேட்ட பிறகுதான் ஒரே நாளில் கிடைத்தது. போலீஸ் சான்றிதழ் 16 வயதுக்கு மேல் இருப்பவர்களுக்குத்தான், அதனால் எனக்கு மட்டும். மருத்துவப் பரிசோதனையில் எனக்கு நெஞ்சு எக்ஸ்ரே, மகளுக்கு அதற்குப் பதிலாகக் காசநோய் ரத்தப் பரிசோதனை, அப்புறம் விடுபட்ட தடுப்பூசிகள்.

மும்பையில் நேர்காணல். உள்ளே போனால் பத்து நிமிடம்கூட இல்லை. எத்தனை பிள்ளைகள் என்றார் அதிகாரி. இரண்டு என்றேன். மகன் எங்கே? கோவையில் படிக்கிறான், இப்போது வரவில்லை. திரையைப் பார்த்தார், தலையை ஆட்டினார், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். உறவுக்காரர் சொன்ன ஆயிரம் கேள்வி அவ்வளவுதான்.

2023 கடைசியில் வந்து இறங்கினோம். திருமணமாகி இரண்டு வருடம் தாண்டியிருந்ததால் நிபந்தனை இல்லாத பத்து வருடக் கார்டு. கார்டு கைக்கு வந்ததும் மகனுக்கு எஃப்2ஏ-வில் மனுப் போட்டேன். அந்த வரிசையில் 2023 ஏப்ரலில் இருந்து மறுபடியும் காத்திருப்பு வந்துவிட்டது. அவனுக்கு 21-ம் தாண்டிவிட்டது. ஆனால் வரிசையில் அவன் முறை வரும்போது உள்ள வயதிலிருந்து, ஒப்புதல் கிடைக்கும் வரை மனு நிலுவையில் இருந்த காலத்தைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. கழித்தும் 21-க்குக் கீழே வராவிட்டால், 21 தாண்டிய கல்யாணமாகாத பிள்ளைகளுக்கான எஃப்2பி வரிசைக்கு மாறும். அது பல வருடம். ஆனால் மனுப் போட்ட தேதி கைவிட்டுப் போகாது.

இடையில் அவன் கல்யாணம் செய்துகொண்டால் மட்டும் மனு அதோடு செத்துவிடும். கிரீன் கார்டுக்காரரின் கல்யாணமான பிள்ளைக்கு வகையே இல்லை. மதுரையில் அவன் அம்மாச்சி இப்போதே சொந்தத்தில் பெண் இருக்கிறது என்று ஆரம்பித்திருக்கிறாள். வாரா வாரம் போனில் அவளுக்குத்தான் குடியேற்றச் சட்டம் வகுப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன்.