வலிக்கு ஒரு பெயர்

ஜூன் 4

மேற்குக் கடலில் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூலை 31 வரை விசைப்படகு போகாது என்பதால் குளச்சல் பக்கத்து ஆட்கள் மார்த்தாண்டத்துக்கு பிசியோதெரபிக்கு வருகிறார்கள். இன்று வந்தவருக்குப் பல வருடக் குறுக்கு வலி. ஸ்கேனில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது. வலியே இல்லாத 50 வயதுக்காரர்களிலும் நூற்றுக்கு 60 பேருக்கு இப்படி இருக்கும், 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னது. அவர் முகம் இறுகிவிட்டது. "அப்போ நான் நடிக்கேன்னு சொல்லுதீங்களா?"

ஜூன் 7

அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உடைக்கும் அக்கா. கழுத்திலிருந்து தோள் வரை வலி. ஒருதடவை திருடனைப் பார்த்த நாய் அப்புறம் பால்காரரைப் பார்த்தாலும் குரைக்கும், நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலமும் அப்படி ஆகிவிடும், வலி நிஜம்தான் என்று விளக்கினேன். நன்றாகப் புரிந்துகொண்டார். "சரி மக்ளே, வீட்ல போய் நாய் குரைக்குன்னா சொல்ல முடியும்? எலும்பு தேய்மானம்னு எழுதித் தா. மாமியா வாயத் தொறக்க மாட்டா."

இதை எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை. நாம் விளக்கம் கொடுக்கிறோம். அவர்களுக்கு வேண்டியது லீவு சீட்டு. தேய்மானம் என்றால் வீட்டில் தண்ணீர்க் குடம் வேறு யாராவது தூக்குவார்கள்.

ஜூன் 8

மழை. யாரும் வரவில்லை.

ஜூன் 12

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் அண்ணன் இடையில் வர்ம ஆசானிடம் போய்வந்திருக்கிறார். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்த பழைய அடிதான் காரணம் என்றாராம் ஆசான். அண்ணனுக்குப் பரம திருப்தி. எனக்குக் கொஞ்சம் பொறாமை. மருத்துவமாக அதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஆசான் முதலில் கதை கேட்டிருக்கிறார், நாங்கள் முதலில் ஸ்கேன் கேட்கிறோம். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கமே 2020இல் தன் வரையறைக் குறிப்பில் சேர்த்தது.

ஜூன் 15

அண்டி ஆபீஸ் அக்கா மாமியாரையே கூட்டி வந்துவிட்டார். "எங்கிட்ட சொன்னத இவங்ககிட்டயும் சொல்லு." நாய்க் கதையை முழுசாகச் சொன்னேன். மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். அப்புறம் சேலையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, "எனக்கும் இருக்கு மக்ளே, இருவது வருசமா. யாரு கேட்டா?" என்றார்.

அவர் பெயருக்கும் ஒரு சீட்டு போட்டேன்.