காப்பர் பீக்: மறுபடியும் பறப்பார்களா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மேல் தீபகற்பத்துக்கு அக்டோபரில் இலை நிறம் பார்க்கப் போகிறவர்கள் பிளாக் ரிவர் சாலையில் அருவிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நாங்களும் அருவிகளுக்காகத்தான் போனோம். பெஸ்ஸிமர் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பாதியில் நிறுத்திய மேம்பாலம் போல ஒரு இரும்புச் சரிவு மரங்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் காப்பர் பீக், பனிச்சறுக்கு வீரர்கள் அந்தரத்தில் பாய்வதற்காகக் கட்டிய தளம்.

1845-ல் ஒரு சுரங்க நிறுவனம் செம்பு தேடி இந்தக் குன்றைக் குடைந்தது. செம்பு கிடைக்கவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வட்டாரத்துக்குச் சோறு போட்டதெல்லாம் இரும்புச் சுரங்கமும் மரம்வெட்டும்தான். அந்த வேலைகளுக்கு வந்த நார்வேக்காரர்களும் பின்லாந்துக்காரர்களும் தங்கள் ஊர் விளையாட்டான ஸ்கீ ஜம்பிங்கையும் கூடவே கொண்டுவந்தார்கள். காலில் ஸ்கீ என்ற நீளமான சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு, சரிவில் வேகமாக இறங்கி, முடிந்தவரை தூரம் பாய்வதுதான் அது. பக்கத்து அயர்ன்வுட்டில் 1913-லேயே ராக்னர் ஓம்ட்வெட் 169 அடி தாண்டி உலக சாதனை படைத்திருக்கிறார். இந்தக் கோபுரம் எழுந்தது அதற்கு வெகுகாலம் கழித்து, 1969-70-ல். ஸ்கீ ஜம்பிங்கின் பெரியண்ணனான, இன்னும் பெரிய சரிவில் இன்னும் அதிக தூரம் பாயும் ஸ்கீ ஃபிளையிங்குக்காக ஐரோப்பாவுக்கு வெளியே கட்டப்பட்ட ஒரே தளம் இது.

மேலே போக முதலில் கம்பியில் தொங்கும் இருக்கையான சேர் லிஃப்ட், அப்புறம் 18 மாடி உயரத்துக்கு மின்தூக்கி. அதோடு முடியவில்லை. வீரர்கள் கிளம்பும் இடத்துக்கு இன்னும் படியேற வேண்டும். "நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு இந்த உயரமே போதும்" என்று என் மனைவி பார்வைத் தளத்திலேயே நின்றுவிட்டாள். உச்சியில் காற்று காதை அடைத்தது. ஒரு பக்கம் சுப்பீரியர் ஏரி, மற்ற பக்கமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகக் காடு. கீழே இறங்கும் தடத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஒருவர் தெரிந்தே இதில் சறுக்கி இறங்கி அந்தரத்தில் பாய்வார் என்பதைப் படத்தில் பார்த்து நம்பலாம். அங்கே நின்றபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆனால் பாய்ந்திருக்கிறார்கள். 1981-ல் உலகக் கோப்பைப் போட்டியே இங்கே நடந்தது. கடைசிப் போட்டி 1994-ல். அந்த வருடம் 158 மீட்டர் பறந்தவர்களில் ஒருவரான ஆஸ்திரியாவின் வெர்னர் ஷூஸ்டர் பிற்பாடு ஜெர்மனி அணியின் பயிற்சியாளரானார். ஐரோப்பியத் தளங்களோ வளர்ந்துகொண்டே போயின. நார்வேயின் விக்கர்சுண்டில் 2017-ல் ஸ்டெஃபான் கிராஃப்ட் 253.5 மீட்டர் பறந்துவிட்டார். ஸ்கீகளை 'வி' வடிவில் விரித்துப் பறக்கும் இன்றைய பாணிக்குப் பழைய சரிவு ஒத்துவராது. அதை மாற்றப் பெரும் பணம் வேண்டும்.

அந்தப் பணத்துக்கு 2022-ல் வழி பிறந்தது. மிச்சிகன் அரசு 2 கோடி டாலர் ஒதுக்கியது. இறங்கு சரிவைத் திருத்தி, மேலே பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, கோடையிலும் போட்டி நடத்துவது திட்டம். பனியில்லாத ஸ்கீ ஜம்பிங்கா என்று சிரிக்க வேண்டாம், ஐரோப்பாவில் அது பல காலமாகவே நடக்கிறது. பனியை நம்பிக் காத்திருப்பதைவிட இது புத்திசாலித்தனம் என்றே எனக்குப் படுகிறது. என் கவலை வேறு. பெரிய விமான நிலையம் எதுவும் பக்கத்தில் இல்லை, தங்கும் அறைகளும் குறைவு. உலக அணிகள் ஒரு வாரம் வந்து போனபின் மீதி வருடம் யார் குதிப்பார்கள்? உள்ளூர்ப் பிள்ளைகள் பழகச் சிறு சரிவுகளும் பயிற்சியாளர்களும் கூடவே வேண்டும். அது நடந்தால் முதல் போட்டிக்கு டிக்கெட் எடுக்க நான் தயார். மனைவி கீழே நின்றே பார்ப்பாளாம்.

போகிறவர்களுக்கு ஒன்று: வெயில் அடித்தாலும் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கிய பிறகு அயர்ன்வுட்டில் மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பாஸ்டி ஒன்றைச் சூடாகச் சாப்பிடலாம். சுரங்கத் தொழிலாளிகள் மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போன பண்டம் அது. எனக்கு மிளகாய் சாஸ் தேவைப்பட்டது.