கரடிகளை வரைந்தவர்

"அண்ணா, கரடி வரைஞ்சவர் பேர் வரலையே" என்றான் தம்பி. கையில் எங்கள் பத்திரிகையின் கடைசி ப்ரூஃப். "ஒரிஜினல்லயே ஒரு கையெழுத்துதான்டா இருக்கு" என்றேன். "அழிச்சதாலதானே ஒண்ணு இருக்கு?" என்றான். சரி, பக்கத்தை அனுப்பு என்று சொல்லிவிட்டேன். நடந்தது இவ்வளவுதான், ஆனாலும் மனசு அங்கேயே போய் நிற்கிறது.

படம், 'பைன் காட்டில் காலை', 1889. காடு ரஷ்ய ஓவியர் இவான் ஷிஷ்கினுடையது. தாய்க்கரடியையும் மூன்று குட்டிகளையும் வரைந்தவர் கான்ஸ்தந்தீன் சவீத்ஸ்கி. இருவருமே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். படத்தை வாங்கிய ஓவியச் சேகரிப்பாளர் பாவெல் த்ரெத்யகோவ், இது முழுக்க ஷிஷ்கினின் கைவண்ணம் என்று சொல்லி, சவீத்ஸ்கியின் பெயரை டர்பன்டைன் வைத்துத் துடைத்துவிட்டார்.

இத்தனையும் தெரிந்துதான் ஒரு பெயரோடு விட்டேன். கேப்ஷனுக்கு ஒரு வரிதான் இடம். மாஸ்கோவில் அந்தப் படம் தொங்கும் த்ரெத்யகோவ் கேலரியே அதை ஷிஷ்கின் படம் என்றுதான் சொல்கிறது, நான் என்ன புதிதாகச் செய்துவிட்டேன்? சவீத்ஸ்கியும் பெயர் தெரியாத ஆள் இல்லை, 1874-லேயே ரயில் பாதையில் மண் தள்ளும் கூலியாட்களை வரைந்து பேர் வாங்கியவர்.

ஆனால் நாங்கள் போட்டது காட்டைப் பற்றிய பக்கம் இல்லையே, விலங்கு ஓவியங்களுக்கான பக்கம். முந்தைய பக்கத்தில் ஸ்னைடர்ஸ் வரைந்த வேட்டை, கரடி மேல் நாய்கள் பாய்கின்றன. எதிர்ப்பக்கத்தில் லாண்ட்சீரின் 1864 பனிக்கரடிகள், ஒன்று கப்பலின் கொடியைக் கிழிக்கிறது, இன்னொன்று மனித எலும்பைக் கவ்வியிருக்கிறது. கரடி என்றாலே ஈட்டியும் சாவும்தானா, ஒரு படத்திலாவது அவை தம் பாட்டுக்கு விளையாடட்டும் என்று ஆசிரியரிடம் மன்றாடி இதை வாங்கி வைத்தவன் நான்தான். அப்படியென்றால் நான் மன்றாடியது சவீத்ஸ்கி வரைந்ததற்காக. பைன் மரங்கள் மட்டும் இருந்திருந்தால் இந்தப் படம் எங்கள் பக்கத்துக்கே வந்திருக்காது.

அடுத்த இதழில் திருத்தம் போடலாம்தான். த்ரெத்யகோவ் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று ஒரு நேரம் தோன்றுகிறது, அந்த மூடுபனியும் வேரோடு சாய்ந்த மரமும் இல்லாமல் கரடிகள் எங்கே நிற்கும்? அப்புறம் ஃபைலைத் திறந்து பெரிதாக்கிப் பார்க்கிறேன். வலப்பக்கம் ஒரு குட்டி, ஒடிந்த மரத்தின் மேல் பின்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து நின்று பனிக்குள் எதையோ பார்க்கிறது. தாயையும் கூடப் பிறந்ததுகளையும் அது கவனிக்கவே இல்லை. திருத்தம் பற்றி ஆசிரியரிடம் நான் இன்னும் பேசவில்லை. தம்பியும் மறுபடி கேட்கவில்லை.