வாட்சு: தூக்குவதை நிறுத்தவே இரண்டு மாதம்

மூன்று மாதமாக ஆட்களைத் தண்ணீரில் படுக்க வைத்து ஆட்டிக்கொண்டிருக்கிறேன். இப்படிச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள், ஆனால் பார்க்கிறவர்களுக்கு வாட்சு அப்படித்தான் தெரியும். மார்பளவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒருவர் மல்லாந்து கண்ணை மூடிக்கொள்கிறார், இன்னொருவர் அவர் தலையை முழங்கை மடிப்பில் தாங்கி, மறு கையை இடுப்புக்கடியில் கொடுத்து, மெதுவாக அசைத்து, நீட்டி, இடையிடையே தோளிலும் முதுகிலும் அழுத்தம் கொடுக்கிறார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேச்சே கிடையாது.

இதைத் தொடங்கியவர் ஹெரால்ட் டல் என்ற அமெரிக்கக் கவிஞர். ஜப்பானில் மசுனாகா என்ற ஆசிரியரிடம் ஷியாட்சு என்கிற, விரலாலும் உள்ளங்கையாலும் அழுத்தம் கொடுக்கும் ஜப்பானிய முறையைக் கற்றுக்கொண்டு வந்து, பாயில் படுக்க வைத்துச் செய்கிற அதே நீட்டல்களை 1980இல் கலிபோர்னியாவின் ஹார்பின் வெந்நீர் ஊற்றில் மிதக்க வைத்துச் செய்து பார்த்தார். வாட்டரும் ஷியாட்சுவும் சேர்ந்து வாட்சு ஆயிற்று. நமக்குக் கலிபோர்னியா வரை போக வேண்டாம், ஆரோவில் கடற்கரையை ஒட்டியிருக்கும் குயட் ஹீலிங் சென்டரில் இதற்கென்றே சூடேற்றிய குளம் இருக்கிறது. கழுத்துவலிக்காக அங்கே ஒருமுறை போய்ப் படுத்தவள், அப்புறம் அடிப்படை வகுப்பிலும் சேர்ந்துவிட்டேன்.

வகுப்பில் முதல் பாதி நாள் யாரையும் தொட விடவில்லை. காலை அகட்டி, முழங்காலை மடக்கி, தண்ணீர் தோள்வரை வருகிற மாதிரி தாழ்ந்து நின்று மூச்சு விட வேண்டும், அவ்வளவுதான். இதற்கா பணம் கட்டினோம் என்று தோன்றியது. பிறகு ஆளைக் கையில் கொடுத்தார்கள். முதல் பாடத்துக்கு வாட்டர் பிரெத் டான்ஸ் என்று பெயர், பெயரில் இருக்கிற டான்ஸ் எதையும் அதில் காணோம். படுத்திருப்பவர் மூச்சை இழுத்தால் நுரையீரலில் காற்று நிறைந்து உடம்பு தானே மேலே வரும், விட்டால் தானே இறங்கும். நம் மூச்சையும் அதோடு சேர்த்துக்கொண்டு கூடவே ஏறி இறங்க வேண்டும்.

எனக்கு இது வரவே இல்லை. என் கை அவர் மூச்சுக்குக் காத்திருக்காமல் முந்திக்கொண்டு தூக்கியது. தண்ணீரில் கிடக்கும் உடம்பின் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீரே சுமந்துகொள்ளும் என்று தெரியும், ஆனாலும் ஒரு மனுஷியின் தலை கையில் இருக்கிறது, விட்டால் முழுகிவிடுவாள் என்கிற பயம் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மூன்றாவது நாள் முடிவில் என் வலது தோள் செங்கல் சுமந்த மாதிரி வலித்தது. கழுத்துவலி போக வந்தவள் தோள்வலியோடு வீட்டுக்குப் போனேன்.

வகுப்பு முடிந்து ஊருக்கு வந்தால் பழகக் குளம் வேண்டுமே. பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் என் அண்ணியைப் படுக்க வைத்தேன், தண்ணீர் 28 டிகிரி. நீந்துகிறவர்களுக்கு அது சுகம். அசையாமல் கிடக்கிறவரிடமிருந்தோ காற்றைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பத்து நிமிடத்தில் அண்ணிக்குப் பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது. வாட்சுவுக்கு 35 டிகிரி என்று சொல்வது ஆடம்பரத்துக்கு இல்லை. தோலின் சூடும் கிட்டத்தட்ட அதே அளவு என்பதால் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது, கொஞ்ச நேரத்தில் கை எங்கே முடிகிறது தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பதே மறந்துபோகும்.

காப்பாற்றியது அக்னி நட்சத்திரம். திண்டிவனம் பக்கம் தோழியின் தோட்டத்து வீட்டில் நாலடி ஆழத்துக்கு ஒரு திறந்த குளம் இருக்கிறது. குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது போடுகிற மிதக்கும் தெர்மாமீட்டரை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். காலையில் 30, சாயங்காலம் நாலு மணிக்கு 34. வெயிலைத் திட்டாத முதல் மே மாதம் இதுதான்.

அங்கேயும் முதல் இரண்டு தடவை சொதப்பல். அக்கார்டியன் என்றொரு அசைவு, தலையும் முழங்காலும் நம் இரண்டு கைகளில் இருக்க, உடம்பு மடங்கி விரியும். நான் அவசரத்தில் மடக்கியதில் தலை சாய்ந்து அண்ணியின் மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது. இருமி முடித்துவிட்டு, "நீ ஏன்டி தண்ணிக் குடத்தத் தூக்கற மாதிரியே தூக்கற? நான்தான் மெதக்கறேனே" என்றார்.

வகுப்பில் எத்தனையோ தடவை கேட்டதுதான், ஆனால் இந்தக் குடம்தான் எனக்கு உறைத்தது. அதற்கடுத்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்தேன். அக்கார்டியனும் வேண்டாம், உடம்பைக் கடற்பாசி மாதிரி அலையவிடுகிற சீவீட்டும் வேண்டாம் என்று, அண்ணியின் தலையை மடிப்பில் வைத்துக்கொண்டு காதோரம் தண்ணீர்க்கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். மூச்சு இழுக்கும்போது காதின் மேல் விளிம்பு வெளியே எட்டிப் பார்க்கிறது, விடும்போது தண்ணீர் அதை மூடுகிறது. இருபது முப்பது மூச்சு அப்படியே போனது. எப்போது என் முழங்கால் அதோடு சேர்ந்து மடங்கத் தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் அன்றைக்குத் தோள் வலிக்கவில்லை. அதன்பின் செய்த அக்கார்டியனில் கைக்கு வேலையே இல்லை, காலை மாற்றி மாற்றி ஊன்றியதிலேயே உடம்பு மடங்கி விரிந்தது.

செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: முதலில் கழிப்பறைக்கு அனுப்பிவிடுங்கள். கழுத்தளவு தண்ணீரில் கிடந்தால் காலில் இருக்கும் ரத்தம் மார்புப் பக்கம் ஏறும், உடம்பு அதைக் கூடுதல் நீர் என்று எண்ணிக்கொண்டு வெளியேற்றப் பார்க்கும். பாதியில் எழுந்து ஓடியவர்கள் இரண்டு பேர். காய்ச்சல், ஆறாத புண், காதுச் சவ்வில் ஓட்டை, கட்டுப்படாத வலிப்பு, இவையெல்லாம் இருந்தால் வேண்டவே வேண்டாம். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. முடித்ததும் சுவரோரம் முதுகைச் சாய்த்து நிறுத்தி, கால் தரையில் ஊன்றிவிட்டதா என்று பார்த்த பிறகே கையை எடுக்க வேண்டும், சிலருக்குத் தலை சுற்றும். இது நோயைத் தீர்க்கும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். அண்ணிக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வருகிறது, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

படுத்திருப்பவரின் இரண்டு கால்களில் எனக்குத் தள்ளியிருக்கிற காலைப் பிடித்துச் சுழற்றுகிற அசைவு இன்னும் கைகூடவில்லை, என் கை எட்டுவதற்குள் தலைப்பக்கம் சாய்கிறது. அண்ணன் வேறு "எனக்கு எப்போ?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஆறடி ஆள், கால் கல் மாதிரி இறங்கும், தொடையில் மிதவை கட்டினால்தான் முடியும். மிதவைக்குச் சொல்லியிருக்கிறேன். மழை பிடித்துக் குளம் ஆறிப்போவதற்குள் வந்து சேர வேண்டும்.